மூக்கு அப்படியே இருக்கிறது, 48,000 ரூபாய்தான் போயிற்று

இன்று காலை 7.40க்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. 4,000 ரூபாய் பிடித்தம். 12 தவணையில் இது முதலாவது. இன்னும் 11 மாதம், மாதா மாதம் 5ஆம் தேதி இப்படித்தான் போகும். மொத்தம் 48,000 ரூபாய். எதற்காக என்று கேட்டால் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. என் மூக்கை யாரும் தொடக்கூட இல்லை. தொடாத மூக்குக்கு 48,000.

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறிவிட்டால் "நம்ம தப்புதானே" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் எனக்குத் தெரியும்.

என் மூக்கின் நடுவில் ஒரு மேடு உண்டு. அப்பாவுக்கும் இருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டகத் திமில். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் "கழுகு சார்". பத்து வருடமாக அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆன்லைன் வகுப்பு வந்த பிறகுதான், செல்போனில் என் முகத்தை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, மேடு உறுத்த ஆரம்பித்தது. கழற்றி எறியலாமா, அப்படியே விடலாமா என்று மூன்று வருடமாக யோசனை. இதைக் கவனியுங்கள்: யோசனைதான், முடிவு இல்லை. அந்த முடிவில்லாத நிலையைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

போன மாதம் போனில் ஒரு விளம்பரம் வந்தது. முகம், முடி, தோல் எல்லாவற்றுக்கும் வைத்தியம் செய்யும் அழகு கிளினிக். பல ஊர்களில் கிளைகள், கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் என்று இருக்குமே, அந்த ரகம். பெயர் போடவில்லை. வழக்கு என்று ஆன பிறகு பெயர் போட்டு நானே மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொன்னார். விளம்பரத்தில் "இலவச ஆலோசனை" என்று இருந்தது. வாட்ஸ்அப்பில் மூன்று செல்ஃபி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். சனிக்கிழமை மாலை வரச் சொன்னார்கள். போனேன்.

வரவேற்பறைச் சுவரில் பெரிய படம். பழங்கால அறுவை மருத்துவர் சுஸ்ருதர் ஒருவருக்கு மூக்கு அறுவை செய்கிறார். கீழே "உலகுக்கு மூக்கு அறுவையைத் தந்த மண்" என்று எழுத்து. என்னைப் போன்ற வரலாற்று வாத்தியாரை வளைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு வைப்பதை சுஸ்ருத சம்ஹிதை விவரமாகவே சொல்கிறது. திப்புவின் ஆட்கள் மூக்கை அறுத்துவிட்ட கோவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு, பூனா பக்கம் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி மூக்கு வைத்துக் கொடுத்தார். 1794இல் லண்டன் பத்திரிகையிலேயே அது வந்தது. மைசூர்ப் போர்ப் பாடத்தில் இந்தக் கதையை எட்டாம் வகுப்பில் நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! ஆனால் அது மூக்கே இல்லாதவனுக்கு மூக்கு கொடுத்த கதை. என் மூக்கு என்னிடம்தான் இருந்தது. இந்த வித்தியாசம் அப்போது உறைக்கவில்லை.

உள்ளே கவுன்சலர் என்று ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். வாய்க்கு வாய் அண்ணா. என் புகைப்படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, மவுஸை இரண்டு இழுப்பு இழுத்தார். மேடு போய்விட்டது. திரையில் யாரோ ஒரு சினிமாக்காரர் மாதிரி நான். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தித் தன் மூக்கை ஒற்றை விரலால் தடவினார். "அண்ணா, வெளிய சொல்லாதீங்க, நானும் இங்கதான் மூக்கு பண்ணிக்கிட்டேன். எனக்கும் உங்கள மாதிரியே மேடு. இப்போ தெரியுதா?"

தெரியவில்லை. அழகான நேரான மூக்கு. அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். விளம்பரத்தை நம்பவில்லை, சுஸ்ருதரைக்கூட முழுதாக நம்பவில்லை, அந்த விரல் தடவலை நம்பினேன்.

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் இரண்டு நிமிடம் வந்தார். பெயர் சொல்லவில்லை. தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து "ஈஸி கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். செய்யப்போவது யார் என்று கவுன்சலரிடம் கேட்டேன். "சீனியர் டாக்டர் பெங்களூர்லேர்ந்து வருவார் அண்ணா." பெயர்? "ஸ்லாட் கன்ஃபர்ம் ஆனதும் சொல்றோம்."

நான் தெளிவாகச் சொன்னேன், இன்னும் முடிவு பண்ணவில்லை என்று. அதற்கு அவர் சொன்ன பதில் வார்த்தை வார்த்தையாக நினைவிருக்கிறது: "முடிவு நீங்க அப்புறமா பண்ணிக்கோங்க அண்ணா. இன்னைக்கு ஆஃபர் கடைசி நாள், ஸ்லாட்ட மட்டும் பிடிச்சு வச்சுப்போம். வேணாம்னா பணம் முழுசா திரும்பிடும்." கையில் பணம் இல்லை என்றேன். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். வட்டியில்லாத் தவணை, மாதம் 4,000தான், ஆதாரும் பான் கார்டும் போதும். என் போனை அவரே வாங்கி ஏதோ செயலியை இறக்கினார். ஓடிபி வந்தது, படித்துச் சொன்னேன். காபி ஆறுவதற்குள் என் பெயரில் 48,000 ரூபாய் கடன் ஏறி, அந்தப் பணம் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது. நான் கையெழுத்துப் போட்டது தவணைச் சீட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "அப்பா மூக்குடா அது" என்றார், அவ்வளவுதான். மனைவி மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "48,000மா?" என்று மட்டும் கேட்டாள். என் சம்பளம் தெரிந்தவள்.

அடுத்த வியாழக்கிழமை, ஐந்தாம் நாள், அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்தேன். மூக்கின் இடது பக்கம் எனக்கு எப்போதுமே அடைத்தாற்போல் இருக்கும், ஆபரேஷனுக்கு முன் காட்டிவிடலாமே என்று. வரிசையில் இரண்டு மணி நேரம். ஆனால் அந்த அம்மா பார்த்த பத்து நிமிடத்தில் நான் கற்றுக்கொண்டது, கிளினிக்கில் ஒன்றரை மணி நேரத்தில் யாரும் சொல்லாதது. ஒரு உலோகப் பட்டையை மூக்குத் துளைகளுக்குக் கீழே வைத்து மூச்சு விடச் சொன்னார். வலது பக்கம் நன்றாக ஆவி படிந்தது, இடது பக்கம் பேருக்கு. உள்ளே நடுச்சுவர் வளைந்திருக்கிறதாம். "இத யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. டார்ச்கூட அடிக்கவில்லை.

மேடு என்பது மேலே எலும்பு, கீழே குருத்தெலும்பு என்றார். அதைச் சீவி எடுத்தால் மேலே கூரை திறந்த மாதிரி ஆகிவிடும், பக்கத்து எலும்புகளை வெட்டி உள்ளே தள்ளி மூட வேண்டும், கை தப்பினால் நடு மூக்கு ஒடுங்கி மூச்சு இன்னும் குறையும், ஏற்கெனவே வளைந்த சுவர் இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம் என்றார். நன்றாகச் செய்தாலும் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம் ஆகலாம், சிலருக்கு மறுபடி ஒரு அறுவை தேவைப்படும். அப்புறம் என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார். "சில வாரம் இத மூக்கு மேல வைக்க முடியாது. எப்படி பாடம் எடுப்பீங்க?" மைனஸ் நாலு பவர் எனக்கு. கிளினிக்கில் எல்லோரும் என்னைக் கண்ணாடியோடுதான் பார்த்தார்கள்.

செய்யாதே என்று அவர் சொல்லவில்லை. வேண்டுமானால் பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள், மூச்சையும் மேட்டையும் ஒரே அறுவையில் சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள், அவசரப்படாதீர்கள் என்றார். பிறகு கிளினிக் ரசீதைக் காட்டச் சொல்லி வாங்கிப் பார்த்தார். அதில் அறுவை என்ற வார்த்தையே இல்லை! "நோஸ் ஃபில்லர் பேக்கேஜ்" என்று இருந்தது. அதாவது ஊசி. மேட்டை எடுக்க மாட்டார்கள், மேட்டுக்கு மேலேயும் கீழேயும் ஜெல்லை ஏற்றிச் சமப்படுத்துவார்கள். மூக்கு சிறுக்காது, பெருக்கும். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும், மறுபடி ஏற்ற வேண்டும். மூக்கின் ரத்தக்குழாய்களுக்கும் கண்ணுக்குப் போகும் குழாய்களுக்கும் தொடர்பு உண்டு. ஜெல் குழாய்க்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். அப்படி நடந்தால் ஜெல்லைக் கரைக்கிற ஹயலுரோனிடேஸ் மருந்து உடனே கைவசம் இருக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கிளினிக்குக்குப் போன் போட்டேன். அந்த மருந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையே படாது அண்ணா, பாசிட்டிவா யோசிங்க." சரி, எனக்கு வேண்டாம், 48,000த்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து அண்ணா போய் சார் வந்துவிட்டது.

முதலில் அக்கவுண்ட்ஸ் பிரிவு லீவு. அப்புறம் மேனேஜர் சென்னையில் மீட்டிங். ஏழு வேலை நாள் பொறுங்கள். பொறுத்தேன். எட்டாம் நாள், ஆலோசனைக் கட்டணம் போகப் பாதிதான் வரும் என்றார்கள். இலவச ஆலோசனைக்குக் கட்டணம்! மறுநாள் அந்தப் பாதியும் போயிற்று. "ரீஃபண்ட் பாலிசி இல்ல சார், வேற சர்வீஸா மாத்திக்கலாம். முடிக்கு பண்ணலாம், இல்லைன்னா உங்க மிஸஸுக்கு லேசர் குடுக்கலாம்." என் மனைவிக்கு லேசர் வேண்டும் என்று இவர்களிடம் யார் கேட்டது? வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. பிறகு நீல டிக்கும் விழவில்லை. நிதி நிறுவனத்துக்குப் பேசினால், சேவை விஷயம் கிளினிக்கோடு, தவணை எங்களோடு என்கிறார்கள். கடனை ரத்து செய்ய ஒப்பந்தத்திலேயே மூன்று நாள் அவகாசம் இருந்திருக்கிறது. நான் டாக்டரைப் பார்த்ததே ஐந்தாம் நாள்.

போன சனிக்கிழமை நேரிலேயே போய் உட்கார்ந்தேன். பழைய கவுன்சலர் இல்லை, வேறு கிளைக்கு மாற்றிவிட்டார்களாம். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பக்கத்து அறைக் கதவு சரியாக மூடவில்லை. உள்ளே கல்லூரி வயதில் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும். புதுக் கவுன்சலர் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்: "வெளிய சொல்லாதீங்கம்மா, நானும் இங்கதான் மூக்கு பண்ணிக்கிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய்க் கதவைத் தள்ளி, "அம்மா, ஓடிபி மட்டும் சொல்லிடாதீங்க" என்று கத்திவிட்டேன். செக்யூரிட்டி வந்து தோளைப் பிடித்தார். பாவம், அவரும் கூலிக்குத்தான் நிற்கிறார். அந்த அம்மாவும் மகளும் எனக்குப் பின்னாலேயே படியிறங்கி வந்ததைப் பார்த்தேன். 48,000க்கு எனக்குக் கிடைத்த ஒரே வரவு அதுதான்.

என்னவெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பெல் அடிக்கப் போகிறது. அவசரத்துக்குச் சில. முன்பணம் கொடுக்கும் முன் கத்தி பிடிக்கப்போகிறவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்குங்கள், தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். "பணம் திரும்பும்" என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய் வார்த்தை காற்றோடு போய்விடும். போனை அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள். அழகுக்கான அறுவைக்கு ஜிஎஸ்டி உண்டு. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையென்றால் (என்னுடையதில் இல்லை) அங்கேயே எழுந்துவிடுங்கள். செல்ஃபி பார்த்து மூக்கை எடை போடாதீர்கள். ஓரடி தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு 30 சதவீதம் வரை அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இதை நான் படித்தது பணம் போன பிறகு. ஏமாந்துவிட்டால் 1915க்குப் பேசுங்கள், நுகர்வோர் உதவி எண். நான் பேசிவிட்டேன், புகார் எண் வந்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்று வக்கீல் நண்பர் சொன்னார்.

மூக்கை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்காதீர்கள், இன்னும் யோசனைதான். நோட்டீஸ் டைப் ஆகி மேசையில் இருக்கிறது. கடைசிப் பீரியட் எட்டாம் வகுப்பு. அது முடிந்ததும் தபால் கவுண்டர் மூடுவதற்குள் ஸ்பீடு போஸ்டில் போட வேண்டும், ஓடுகிறேன்.