சோழக் கப்பலுக்கு அரேபியாவில் என்ன வேலை? – ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ரசிகர் கூட்டத்தோடு சில வருடங்கள்

சித்தி மகன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ரெண்டு டெஃபினிட்டிவ் எடிஷன் சேல்ல வந்திருக்கு. நீங்க ரொம்ப நாளா ஆடுறீங்களே, வாங்கட்டுமா?" வாட்ஸ்அப்பில் பதிலைப் பேசி அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே அது பதிலாக இல்லாமல் புலம்பலாக மாறிவிட்டது. சரி, உட்கார்ந்து எழுதியே விடுவோம் என்று எழுதுகிறேன்.

கிராபிக்ஸ் எப்படி இருக்கிறது, எந்த கம்ப்யூட்டரில் ஓடும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 1999-இல் வந்த ஆட்டம் இது: ஒரு நாகரிகத்தை எடுத்துக்கொண்டு, கிராமத்தான்களை வைத்து மரமும் தங்கமும் சேர்த்து, யுகம் யுகமாக ஏறி, படை திரட்டி எதிராளியை அடிக்க வேண்டும். 2019 நவம்பரில் டெஃபினிட்டிவ் எடிஷன் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்குள் தனியாகக் கம்ப்யூட்டரோடு ஆடுவதைப் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. என் வயிற்றெரிச்சல் முழுக்க ஆன்லைனில், இந்த ஆட்டத்தின் ரசிகர்களோடு சேர்ந்து ஆடுவதைப் பற்றித்தான்.

எங்கள் தலைமுறையில் பலருக்கும் இந்த ஆட்டம் பிரவுசிங் சென்டரில்தான் பழக்கம். லேனில் (சென்டர் கம்ப்யூட்டர்களை இணைத்து) நாலு பேர், அடர்ந்த காடாக இருக்கும் பிளாக் ஃபாரஸ்ட் மேப் (ஆடுகளம்), அரை மணி நேரத்துக்கு யாரும் யாரையும் அடிக்கக் கூடாது என்று வாய் ஒப்பந்தம். அந்த அரை மணி நேரமும் சுவர் கட்டுவோம், வயல் போடுவோம், கோட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோட்டை கட்டுவோம். ராபின் ஹூட் என்ற குறுக்குவழிச் சொல்லைத் தட்டித் தங்கத்தை வரவழைப்பவன் ஒருவன் எப்போதும் இருப்பான். "ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்" என்று அடித்தால் வில்லும் வாளும் வைத்துச் சண்டை போடும் காலத்துக்கு நடுவில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நிற்கும். சண்டையே தொடங்காமல் சென்டர்காரர் நேரம் முடிந்தது என்று எழுப்பிவிட்ட நாட்கள்தான் அதிகம். அன்று இருந்த 13 நாகரிகங்களில் இந்தியா என்று எதுவும் இல்லை. யானை வேண்டுமென்றால் பெர்சியன்ஸ். நான் பெர்சியன்ஸ்.

2013-இல் இந்தியர்கள் என்று ஒரு நாகரிகம் சேர்ந்தது. அப்புறம் 2022 ஏப்ரலில் டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்தபோது அதைப் பிரித்து வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று புதிதாக மூன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய இந்தியர்களுக்கு ஹிந்துஸ்தானி என்று பெயர் மாறியது. திராவிடரில் ஒரு கிராமத்தானைக் கிளிக் பண்ணினால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை அதைக் கேட்டபோது மரம் வெட்ட அனுப்ப வேண்டியவனை நிற்க வைத்துத் திரும்பத் திரும்பக் கிளிக் பண்ணிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து வேறு நாகரிகம் எடுப்பதில்லை என்று முடிவு. திராவிடர் என்று பெயர் வைத்தது சரியா, தமிழர் என்றே வைத்திருக்கலாமா என்று ரசிகர்களுக்குள் நடந்த பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை. எனக்கு அந்தக் குரல் போதும்.

இனி விவகாரத்துக்கு வருகிறேன். இந்தத் திராவிடர் நாகரிகத்தை ஆட்டத்தில் எதற்காகச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மீன் பிடிப்பவர்கள் மற்றவர்களைவிட 15 கூடுதலாகச் சுமப்பார்கள். கட்டுகிற ஒவ்வொரு துறைமுகமும் ஐந்து பேருக்கு வீடு மாதிரி. அணியில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அந்தச் சலுகை. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கையில் வந்து விழும். அதை வைத்து உடனே துறைமுகம் கட்டலாம், படகு விடலாம். கடைசி யுகத்துக்குப் போனால் திரிசடை என்று ஒரு பெரிய கப்பல். மலை மாதிரி மெதுவாக நகரும், ஒரே நேரத்தில் பல அம்புகளை விடும். இத்தனையும் கடல், கடல், கடல் என்று கத்துகிறது.

தரையில் மோசம் என்று சொல்ல மாட்டேன். சுருள்வாள் சுழற்றும் உருமி வீரன் கூட்டத்துக்குள் இறங்கினால் சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் அடி விழும். உருக்கு எஃகு ஆராய்ச்சியை முடித்துவிட்டால் காலாள்படையின் வெட்டு எதிரியின் கவசத்தைக் கண்டுகொள்ளாது. படைக்கூடத்து ஆராய்ச்சிகள் பாதி விலை. ஆனால் நைட் கிடையாது. கவசம் போட்ட அந்தக் கனத்த குதிரை வீரன்தான் இந்த ஆட்டத்தின் நடு யுகத்தை ஆட்டிப் படைக்கிறவன். அவன் நம்மிடம் இல்லை.

இப்போது ஆன்லைனுக்கு வாருங்கள். அங்கே எல்லோரும் ஆட விரும்பும் மேப் ஒன்றே ஒன்று: அரேபியா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அது புதிதாக உருவாகும், மேடு பள்ளம் மாறும், தங்கம் இருக்கும் இடம் மாறும். மாறாதது இரண்டு. வெட்டவெளி; ஒரு சொட்டுக் கடல் கிடையாது. வெட்டவெளி என்றால் குதிரைக்குக் கொண்டாட்டம். நம் பாண்டிய, சோழ ராஜாக்கள் அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கியவர்கள். மார்க்கோ போலோ வந்து பார்த்து, இதற்கு இவ்வளவு பணமா என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பரம்பரை, அரேபியாவிலேயே கனத்த குதிரை இல்லாமல் கையில் கப்பல் வரைபடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறது. சுற்றி வரும் பிராங்க்ஸ் நாகரிகத்து நைட்டுகள் என் விறகு வெட்டிகளை ஒவ்வொருவராகக் குத்திவிட்டுப் போகிறார்கள்.

ரேட்டிங் ஏறி இறங்கும் ரேங்க் ஆட்டத்தில் எந்த மேப் வரும் என்பது ஆடுபவர்கள் கையிலேயே பாதி இருக்கிறது. கொஞ்சம் மேப்களை வைத்து ஒரு பட்டியல். அது அவ்வப்போது மாறும், மாறும்போது வாக்கெடுப்பும் நடக்கும். ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத சிலவற்றைத் தடை செய்துகொள்ளலாம். எல்லோரும் முதலில் தடை செய்வது தண்ணீர் மேப்பைத்தான். எப்படியோ தப்பி, ஆளுக்கொரு தீவான ஐலண்ட்ஸ் மேப் வந்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? எதிராளி கிடைத்துவிட்டான் என்று மணி அடிக்கும். மேப் பெயர் தெரியும். நான் நிமிர்ந்து உட்காருவேன். முதல் துறைமுகத்தை எந்தக் கரையில் கட்டலாம், எத்தனை மீன் படகு விட்டுவிட்டுச் சண்டைப் படகுக்கு மாறலாம் என்று கணக்குப் போடுவேன். என் பக்கம் லோடிங் முடிந்துவிடும். அவன் பக்கம் முடியாது. கொஞ்ச நேரத்தில் ஆட்டம் ரத்து என்று வரும். மேப் பெயரைப் பார்த்ததும் ஆட்டத்தையே மூடிவிட்டுப் போயிருப்பான். அவனுக்குக் கொஞ்ச நேரத் தடை கிடைக்கும். அந்த நேரத்தில் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து அரேபியாவுக்காகக் காத்திருப்பான். நான் மறுபடி வரிசையில். அடுத்து வருவது என்ன? அரேபியா.

ரேங்க் ஆட்டத்தில் இதுநாள் வரை நான் ஒரு திரிசடை கட்டியதில்லை. எதிராளி மூடிவிட்டுப் போகாத அபூர்வமான ஒன்றிரண்டு ஆட்டங்களும் கடைசி யுகத்துக்கு முன்பே முடிந்துவிட்டன. 1025-இல் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினவனின் பெயரைச் சொல்லி ஒரு நாகரிகம், அதற்கென்று தனிக் கப்பல். அது கடலைப் பார்ப்பது தனியாள் கதைகளில் மட்டும். ராஜேந்திர சோழன் கேம்பெயின் என்று ஒரு கதைத் தொடர் இருக்கிறது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் கம்ப்யூட்டரை ஜெயிப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

நியாயமாகவும் பேச வேண்டும். தண்ணீரைக் கண்டு ஓடுபவர்களிடமும் காரணம் இருக்கிறது. தரையில் முதல் சண்டையில் தோற்றால் சுவர் எழுப்பலாம், கோட்டைக்குள் ஒடுங்கலாம், அரை மணி நேரம் கழித்துத் திருப்பி அடிக்கலாம். கடலில் அது நடக்காது. முதல் பத்து நிமிடப் படகுச் சண்டையில் தோற்றவனுக்கு மீனும் போச்சு, கரையும் போச்சு. மீதி நேரம் சாவைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் வேலை. படகு வகைகளும் குறைவு. தீப்படகு, அம்புப் படகு, வெடிப்படகு இந்த மூன்றும் ஒன்றையொன்று துரத்தும் வளையம்தான் மொத்த வித்தையும். அதோடு, பெரிய போட்டிகள் பெரும்பாலும் தரையில்தான் நடக்கின்றன. கிங் ஆஃப் தி டெஸர்ட் என்ற புகழ்பெற்ற போட்டி முழுக்க முழுக்க அரேபியாவிலேயே ஆடப்படுவது. தி வைப்பர், ஹீரா மாதிரி ஜாம்பவான்கள் எதை ஆடுகிறார்களோ அதைத்தான் ஊரும் பழகும். தெருவில் பிள்ளைகள் யார் ஸ்டைலில் பந்து போடுகிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

அப்புறம், இந்தக் கூட்டத்தைத் திட்டவும் மனசு முழுதாக வருவதில்லை. ஆட்டத்தைச் செய்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் 2009-இலேயே மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் வூப்லி போன்ற ஆன்லைன் தளங்களில் ரசிகர்களே கூடி, பிழைகளைத் திருத்தி, ஆட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2012 கடைசியில் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று புது நாகரிகங்களைச் சேர்த்து ஒரு இணைப்பைத் தாங்களாகவே வெளியிட்டார்கள், இலவசமாக. அடுத்த வருடமே அது அதிகாரபூர்வமான விரிவாக்கமாக ஆனது. அந்தக் குழுதான் இன்று டெஃபினிட்டிவ் எடிஷனிலும் வேலை செய்கிறது. ரசிகன் கையில் சாவியைக் கொடுத்த கதை இவ்வளவு நன்றாக முடிந்த ஆட்டம் வேறு எனக்குத் தெரியாது. திராவிடர் குரலே அந்தச் சாவியால் திறந்த கதவுதான்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. மட்டமாக ஆடுபவர்களுக்கு இங்கே மரியாதை இருக்கிறது. டி90 என்ற வர்ணனையாளர், பட்டியலின் அடியில் கிடப்பவர்களின் ஆட்டங்களை எடுத்து உலகக் கோப்பை இறுதி மாதிரி வர்ணிப்பார். ஒருவன் சுவரில் வாசல் வைக்க மறந்து தன்னைத்தானே அடைத்துக்கொண்டதை ஆயிரக்கணக்கானவர்கள் ரசிப்பார்கள், ஆனால் அதில் ஏளனம் இருக்காது. ரேட்டிங் எல்லோருக்கும் 1000-இல் ஆரம்பிக்கும். நான் அதற்குக் கீழேதான் குடியிருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு பிரேசில்காரர், ஆளை நேரில் பார்த்ததில்லை, என் ஆட்டப் பதிவு ஒன்றை வாங்கி முழுசாக உட்கார்ந்து பார்த்தார். காட்டுப்பன்றியை இழுத்து வரும் இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்: ஒருவனை மட்டும் அனுப்பு, இரண்டு அம்பு விட்டதும் திரும்பி ஓடிவரச் சொல், டவுன் சென்டரை (ஊரின் நடுக் கட்டிடம்) தொட்டதும் அவனை உள்ளே போட்டுவிடு, ஆடு அறுத்துக்கொண்டிருப்பவர்களைப் பன்றி மேல் திருப்பு, பன்றி டவுன் சென்டர் அடியிலேயே விழட்டும், நடை மிச்சம். நாங்கள் சின்ன வயதில் பன்றி என்றால் தலைதெறிக்க ஓடியவர்கள். அதைச் சாப்பாடாகப் பார்க்கச் சொன்னவர் அவர்தான். இவ்வளவு நல்ல மனுஷன் ஐலண்ட்ஸைத் தடை செய்து வைத்திருக்கிறார் என்பது அப்புறம் தெரிந்தது.

சண்டை சச்சரவுக்கும் பஞ்சமில்லை. 2025-இல் த்ரீ கிங்டம்ஸ் என்ற விரிவாக்கம் வந்தபோது, மூன்றாம் நூற்றாண்டுச் சீன அரசுகளை இடைக்கால ஆட்டத்தில் எப்படிச் சேர்க்கலாம் என்று மாதக் கணக்கில் கொதித்தார்கள். கொதிக்கட்டும். பதினோராம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று துறைமுகத்திலேயே மக்கிப்போவதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

ஆக, தம்பிக்கு என் பதில்: வாங்காதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத்தான் இருக்கும். ஆனால் இன்று காலையில்கூட மேப் பெயரைப் பார்த்துவிட்டு ஒருவன் ஓடினான். அந்தக் கடுப்பு இன்னும் இறங்கவில்லை. நீ வாங்கினால் ஒரே வாரத்தில் எதை எப்போது கட்டுவது என்ற பில்ட் ஆர்டரை மனப்பாடம் செய்வாய், இத்தனையாவது கிராமத்தானில் யுகம் ஏறணும் என்று என்னிடமே கணக்குச் சொல்வாய், அடுத்த வாரம் தண்ணீர் மேப்பைத் தடை செய்வாய். எதற்கு வம்பு? பேச்சைக் கேட்காமல் வாங்குவதாக இருந்தால், டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியாவைத் தனியாக வாங்க வேண்டும். வெறும் ஆட்டத்தை மட்டும் வாங்கிவிட்டுத் திராவிடர் எங்கே என்று எனக்கு போன் போடாதே.

மற்றவர்களுக்கு ஒன்று. ரேங்க் இல்லாமல் சும்மா லாபி (ஆட்டத்துக்கு ஆள் சேரும் அறை) திறந்து ஆடலாம். மேப்பை லாபி திறப்பவரே வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் நாங்கள் மூன்று பேர் டீம் ஐலண்ட்ஸ் போட்டு வைத்துக் காத்திருப்போம். ஆள் சேரத்தான் நேரமாகும். ஒவ்வொரு தடவையும் யாராவது சாட்டில் 14 என்று தட்டி, சீக்கிரம் ஆரம்பிங்கப்பா என்று ஆட்டத்தின் அந்தப் பழைய பதிவுக் குரலைக் கத்தவிட்டுக்கொண்டிருப்பார்கள். எந்த ரேட்டிங் ஆனாலும் வரலாம், பன்றிக்குப் பயந்தவரும் வரலாம். உள்ளே வந்து "அரேபியாவுக்கு மாத்தலாமா ப்ரோ?" என்று கேட்பவரை மட்டும் கேட்ட நிமிடமே தூக்கிவிடுவேன்.