கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் 493 வெள்ளி 76 சென் போச்சு: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

நேற்று மதியம் கோலாலம்பூர் செந்தூல் வட்டாரத்தில் ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு பேருக்கு வாழை இலைச் சாப்பாடு. பேசிய கணக்கு 560 வெள்ளி. கொடுத்தது 1,053 வெள்ளி 76 சென். ஏமாந்தது 493 வெள்ளி 76 சென். கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. ஓலைக் கூரை, வாசலில் மாட்டு வண்டிச் சக்கரம், ‘விறகடுப்புச் சமையல்’ என்று பலகை, மேசையில் மண் சட்டி. இந்த மாதிரிக் கடைக்குப் போகிற எல்லோரும் கவனியுங்கள்.

நம்ப வைத்தது வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி. முன்பதிவு செய்யப் போன அன்று அம்மியில் மிளகும் சோம்பும் அரைத்துக்கொண்டிருந்தார். “நம்ம வீடுன்னு நெனச்சு வாங்கம்மா, காசா பெருசு” என்றார். அதற்குப் பிறகு எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பாட்டியின் மகன் வாயால் சொன்ன கணக்கு இது: தலைக்கு 35 வெள்ளி. சோறு, சாம்பார், ரசம், மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், கம்போங் கோழி (நாட்டுக்கோழி) பிரட்டல், மட்டன் வறுவல் எல்லாம் அதில் அடக்கம். மீன் தலைக் கறி மட்டும் தனி. “ஒரு தலை எழுபது வரும்கா.” இரண்டு தலை சொன்னோம். 200 வெள்ளி முன்பணத்தைக் கைப்பேசியில் வங்கிப் பணம் அனுப்பும் டூயிட் நவ் கியூஆரில் கட்டினேன். திரையில் கடைப் பெயருக்குப் பதில் ஓர் ஆளின் பெயர் வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

சாப்பாட்டைச் சொல்கிறேன். கம்போங் கோழி என்றால் தோல் மெல்லிசாக, தொடை ஒடுங்கி, எலும்பு கெட்டியாக இருக்கும். திறந்த சட்டியில் முக்கால் மணி நேரமாவது கொதித்தால்தான் வேகும், வெந்த பிறகும் கறியைப் பல்லால் இழுக்க வேண்டும். இலையில் விழுந்தது தொட்டதும் எலும்பைவிட்டுக் கழன்றது. மூட்டுப் பக்கம் எலும்பு கறுத்திருந்தது, கடித்தால் நொறுங்கியது. அது ஐந்தாறு வாரத்தில் அறுக்கிற பண்ணைக் கோழி. சில கடைகளில் முட்டையிட்டு ஓய்ந்த ‘அயாம் பென்செனை’க் கம்போங் கோழி என்று தள்ளுவார்கள். அதுவும் கெட்டியாக இருப்பதால் பலர் ஏமாறுவார்கள். நார் நாராக வரும், குழம்பில் மஞ்சள் கொழுப்பு தடிப்பாக மிதக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இங்கே அந்தச் சிரமம்கூடப் படவில்லை.

மண் சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஒரு பொட்டு கரி இல்லை, புதுச் செங்கல் நிறம். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மேசைக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று நிமிடம் ஓரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். இது அசையவே இல்லை. உள்ளே கேஸ் அடுப்பில் அலுமினியச் சட்டியில் வைத்த குழம்பை ஊற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மீன் தலையில் கன்னத்துச் சதை ஒரே துண்டாகப் பெயர்ந்து வர வேண்டும். இதில் மாவு மாதிரி உதிர்ந்தது. பல நாள் ஐஸில் கிடந்த தலை.

பில் கையால் எழுதியது. சாப்பாடு 420. மீன் தலை இரண்டு, 140 வீதம் 280. ரசம், அப்பளம், மோர் மிளகாய்க்கு ஆளுக்கு 3 வெள்ளி, 36. ஆக 736. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, 73.60. சேவை வரி 6 விழுக்காடு, 44.16. மொத்தம் 853.76. முன்பணம் 200 எங்கும் கழிக்கப்படவில்லை. பெரியவர்கள் கை கழுவிவிட்டு நிற்கிறார்கள், சண்டை வேண்டாம் என்று கார்டைக் கொடுத்துவிட்டேன்.

கல்லாவில் கேட்டதற்கு, “மீன் இன்னைக்கு மார்க்கெட் விலைகா, பாஸ் வந்தா பேசுங்க.” பாட்டி அம்மியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டால், “முன்பணம் இடம் புடிச்சு வெச்சதுக்குகா, அது சாப்பாட்டுல சேராது.” இதை முன்பே சொல்லவில்லையே என்றதும், “நாளைக்குப் பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். இன்று காலை பில்லைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பத்து மணிக்கு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். 493 வெள்ளி 76 சென்னுக்குப் பதில் அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். விலையை வாட்சப்பில் எழுத்தில் வாங்குங்கள், முன்பணம் பில்லில் கழியும் என்பதையும் சேர்த்து. மீன் தலையைச் சமைப்பதற்கு முன் தராசில் பார்த்து விலை கேளுங்கள், ‘சீசன் விலை’ என்றால் வேண்டாம். தனி ஆள் கணக்கில் பணம் போடாதீர்கள். சேவைக் கட்டணம் கடைக்குப் போகிறது, அரசாங்க வரி இல்லை. 6 விழுக்காடு சேவை வரியைச் சுங்கத்துறையில் பதிந்த கடைதான் வசூலிக்கலாம், பதிவு எண் பில்லில் இருக்க வேண்டும். என் பில்லில் எண்ணே இல்லை. விலையைக் காட்டாமல் விற்பது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யக்கூடிய குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பில், கார்டு சீட்டு, டூயிட் நவ் ரசீது மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நடுவர் மன்றத்தின் பாரம் 1 படிவத்தைப் பூர்த்தி செய்யப் போகிறேன்.