ஆம்னி வேனுக்கு புதுப்பேட்டை: இரும்பு வாங்குங்க, ரப்பர் வேணாம்

மொதல்லயே தீர்ப்ப சொல்லிடுறேன். கார்புரேட்டர் வெச்ச பழைய மாருதி ஆம்னி வெச்சிருந்து, அத வீட்டு வாசல்லயே நிறுத்தி நீங்களே கழட்டி மாட்டுற ஆளா இருந்தா சென்னைல பழைய வண்டி பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டைய விட்டா வேற கதி இல்ல, ஆனா அங்க வாங்க வேண்டியது இரும்பு, அலுமினியம், பித்தளை, கண்ணாடி. ரப்பரும் எலக்ட்ரிக்கலும் அங்க தொடவே தொடாதீங்க, நாலு காசு ஜாஸ்தி ஆனாலும் பரவால்லன்னு புது ஸ்பேர்ஸ் விக்கற ஜிபி ரோட்டுக்கு போயிடுங்க. மார்க்கு போட சொன்னா இரும்புக்கு அஞ்சுக்கு நாலரை, ரப்பருக்கு அரை, அந்த அரையும் பாய்ங்க பேசுற பேச்சுக்காக.

நம்ம வண்டி 93 மாடல், வெள்ளை, பாயிண்ட் வெச்ச டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க்குக்கு கரண்ட வெட்டி விடற பழைய டைப்பு. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு ஜாக்கி, ரெண்டு ஸ்டாண்டு, ஒரு சாக்கெட் செட்டு, இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜு, இத எடுத்துக்கிட்டு கீழ படுத்துடுவேன், அதான் நம்ம பட்டறை. மாருதி 84ல இத வெறும் வேன்னு விட்டாங்க, 88ல தான் ஆம்னின்னு பேர் மாத்துனாங்க, 2019ல உற்பத்திய நிறுத்திட்டாங்க. கவர்மென்ட் கணக்குல விண்டேஜ்னா 50 வருஷம் தாண்டி இருக்கணும், 2021ல வந்த ரூல் அது, அப்படி பாத்தா மொத மொத வந்த ஆம்னிக்கே 2034ல தான் அந்த மரியாதை. அதுவரைக்கும் நம்ம வண்டி வெறும் பழைய வண்டி தான், 15 வருஷம் தாண்டுனதுக்கு ஆர்சி ரினியூவல் ஃபீஸ் மட்டும் ஒழுங்கா ஏத்திட்டே போறாங்க. கம்பெனி கவுன்டர்ல போயி பாடி பார்ட்ஸ் கேட்டீங்கன்னா கம்ப்யூட்டர பாத்துட்டு "வராது சார்"னு சொல்லி முடிச்சிடுறாங்க. அதனாலதான் புதுப்பேட்டை.

எஞ்சினுக்கு இவ்ளோ தூரம் அலையவே வேணாம். ஆம்னிக்குள்ள இருக்கறது மாருதி 800 கார்ல இருக்கற அதே 796 சிசி மூணு சிலிண்டர் தான், 68.5 மிமீ போர், 72 மிமீ ஸ்ட்ரோக். அதுல முன்னாடி குறுக்கால படுக்க வெச்சு முன் வீல ஓட்டுனாங்க, இதுல சீட்டுக்கு கீழ நீளவாக்குல வெச்சு பின் வீல ஓட்டுறாங்க, அதனால வெளிய இருக்கற சில ஐட்டம் மாறும், உள்ள இருக்கற பிஸ்டன், ரிங்கு, வால்வு, டைமிங் பெல்ட்டு எல்லாம் மூலைக்கு மூலை புதுசாவே கிடைக்குது. டாப்பெட் கேப் (வால்வு இடைவெளி) எஞ்சின் ஆறியிருக்கும் போது 0.15 மிமீ, பாயிண்ட் கேப் 0.4ல இருந்து 0.5 மிமீக்குள்ள, இத சீட்ட தூக்கிட்டு வண்டிக்குள்ள உக்காந்தே செஞ்சிடலாம், மழை பேஞ்சாலும் நனைய மாட்டோம், இந்த வசதி எந்த புது வண்டியில இருக்கு சொல்லுங்க. ஆனா ஆம்னியோட பாடி ஆம்னிக்கு மட்டும் தான். கதவு, கதவு ரோலரு, ரெயிலு, சைடு கண்ணாடி, லாக்கு, பின் டோர் கீல், இதெல்லாம் வேற எந்த வண்டில இருந்தும் எடுத்து மாட்ட முடியாது.

ஸ்லைடிங் டோர் ரோலர் கதைய கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா ஆம்னி வெச்சிருக்கற எல்லாரும் ஒரு நாள் இதுக்காக அங்க போயி நிப்பாங்க. கதவு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல பாடிக்கு வெளிய ஓடுற ரெயில்ல ஒண்ணுன்னு மூணு எடத்துல தொங்குது. நடு ரோலரு தேஞ்சா கதவோட பின்பக்கம் லேசா தொங்கும், அப்புறம் லாக்கு அதோட கொக்கிக்கு நேரா வராது, கதவ கொஞ்சம் தூக்கி பிடிச்சு டமார்னு அடிச்சா தான் மூடும். ஸ்கூல் வேனா ஓடுன ஆம்னில புள்ளைங்க அத்தன பேரும் அப்படித்தான் அடிச்சு பழகியிருப்பாங்க. நெறைய பேர் லாக்கு போச்சுன்னு நெனச்சு லாக்க மாத்திட்டு வந்து அதே டமார் அடிச்சிட்டு இருக்காங்க, லாக்குல ஒண்ணும் இருக்காது. புதுசா லோக்கல் ரோலர் கிடைக்குது, வெள்ளை நைலான் போட்டது, பாக்க பளிச்னு இருக்கும், ரெண்டு மழைக்குள்ள உள்ள பேரிங் துருப்புடிச்சு இறுகி அப்புறம் சுத்தாம இழுத்துக்கிட்டே வரும், ரெயிலயும் சேத்து தின்னுடும். அதுக்கு புதுப்பேட்டைல கிடைக்கற பழைய ஒரிஜினலே மேல்.

வாங்கும் போது ரோலர விரல்ல சுத்தி பாருங்க, கரகரன்னா வேணாம். ஓரத்துல ஒரு பக்கம் மட்டும் தட்டையா இருந்தா அது ஜாமாயி இழுபட்டது, அதுவும் வேணாம். அதவிட முக்கியம் ரோலர் தொங்குற பிராக்கெட்டு, அத கடைல தரையில வெச்சு பாத்தீங்கன்னா வளைஞ்சிருக்கறது உடனே தெரியும். வலது கதவுதும் இடது கதவுதும் கண்ணாடில பாத்த மாதிரி திரும்பி இருக்கும், அதனால உங்க பழசக் கழட்டி பைல போட்டு எடுத்துட்டு போங்க, போன்ல போட்டோ காட்டுனா ஆகாது. எனக்கு 900 சொன்னாங்க, பேசி பேசி 500க்கு வந்துச்சு. மாட்டும் போது ரெயில்ல கிரீஸ அப்பாதீங்க, நம்ம ஊரு புழுதி அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி ஆகிடும், தொடச்சிட்டு லேசா ஸ்ப்ரே அடிச்சா போதும்.

அடுத்தது கார்புரேட்டர், எஞ்சினுக்கு காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடுக்கற சாமான். நம்ம வண்டிக்கு வந்தது மிக்குனி, அத மறைமலை நகர்ல யூகால்காரங்க செஞ்சாங்க, நம்ம ஊரு சரக்கு தான். புதுப்பேட்டைல கேட்டா குவியலா கொட்டி காட்டுவாங்க, எல்லாத்தையும் பெட்ரோல்ல கழுவி பளபளன்னு வெச்சிருப்பாங்க, அந்த பளபளப்ப பாத்து மயங்காதீங்க. கைல எடுத்த உடனே த்ராட்டில் லீவர பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்க, சுத்தாதீங்க, ஆட்டுங்க. அந்த லீவரோட ஷாஃப்ட்டு அலுமினிய பாடில தேஞ்சு ஓட்டை பெருசாயிருந்தா லொடலொடன்னு ஆடும், அந்த இடைவெளில காத்து உள்ள போயிட்டே இருக்கும், ஐட்லிங் நிக்கவே நிக்காது, சிக்னல்ல நிறுத்துனா ஆஃப் ஆகும், எத்தன ரிப்பேர் கிட்டு மாத்துனாலும் எத்தன ஜெட்ட (பெட்ரோல் போற சின்ன ஓட்டை வெச்ச பித்தளை பீஸு) சுத்தம் பண்ணாலும் தீராது, லேத்துல குடுத்து புஷ் போடணும், அந்த செலவுக்கு வேற பீஸே வாங்கிடலாம். ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டு போயிருந்தா கீழ்ப்பக்க ஃபிளான்ஜு மேல நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா யாரோ போல்ட்ட ஓவரா முறுக்கி வளைச்சிருக்காங்க. பித்தளை ஜெட்டோட தலையில ஸ்க்ரூடிரைவர் வாய் பிஞ்சு போயிருந்தா, கம்பி விட்டு குத்துன மாதிரி இருந்தா வெச்சிட்டு வந்துடுங்க, ஓட்டை பெருசான ஜெட்டு பெட்ரோல குடிக்கும்.

ஒரு கடைல இத எல்லாம் நான் நிதானமா பாக்கறத பாத்துட்டு அந்த பையன் "ணா, நீங்க மெக்கானிக்கா"ன்னான், இல்லப்பா வீட்டு வண்டி தான்னேன், "அப்போ இத ஏன் இவ்ளோ ஆட்டுறீங்க, எல்லாம் ரன்னிங் கண்டிஷன் ணா"ன்னு சொல்லிட்டே கைல இருந்தத வாங்கி உள்ள வெச்சிட்டான். பக்கத்து கடை பாய் அதுக்கு நேர் எதிர். ஸ்டூல போட்டு உக்கார வெச்சு, "பாத்துக்கங்க சார், மூணு நாள் டைம், செட் ஆவலன்னா கொண்டாங்க, வேற தரேன், காசு மட்டும் திரும்ப கேக்காதீங்க"ன்னாரு. 2,800ல ஆரம்பிச்சு 1,900ல முடிஞ்சுது. அந்த கார்புரேட்டர் தான் இப்ப வண்டில ஓடுது, காலைல சோக்க இழுத்து ஒரே செல்ஃப்ல எடுக்குது.

ஆனா பாருங்க, அந்த கார்புரேட்டருக்குள்ள இருந்த ரப்பர் எதையும் நான் விடல. ஃப்ளோட் நீடில், ஆக்சிலரேட்டர் பம்ப்பு டயாஃப்ரம், கேஸ்கெட்டு எல்லாத்தையும் தூக்கி போட்டுட்டு புது கிட்டு. இதுக்கு காரணம் இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோலு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 தான் எங்க பாத்தாலும். அதுக்கு தாங்குற மாதிரி ரப்பர், பிளாஸ்டிக் போட்டு வண்டி செய்ய ஆரம்பிச்சதே 2023 ஏப்ரல்ல இருந்து தான், 93ல செஞ்ச ரப்பர் இத பாத்ததே இல்ல. பழைய ஹோஸு ஊறி உப்பி மெதுமெதுன்னு ஆகும், அப்புறம் காஞ்சு வெடிக்கும். எத்தனால் தண்ணிய வேற இழுக்கும், வண்டிய மாசக்கணக்குல எடுக்காம வெச்சிருந்தா ஃப்ளோட் சேம்பருக்குள்ள வெள்ளையா மாவு மாதிரி படியும். ஆம்னில எஞ்சினு உங்க சீட்டுக்கு கீழ இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, அங்க ஒரு ஹோஸ் வெடிச்சா பெட்ரோல் வாசனை வராது, பெட்ரோலே வரும். அதனால ஹோஸ மீட்டர் கணக்குல புதுசா வாங்குங்க, ஆர்9னு (ஹோஸோட தரக் குறி) மேல அச்சடிச்சிருக்கான்னு பாத்து வாங்குங்க, கிளிப்பும் புதுசு.

இதுக்கு தான் ஜிபி ரோடு, ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மவுண்ட் ரோடுல இருந்து திரும்புனா ரெண்டு பக்கமும் சீட் கவர், லைட்டு, மியூசிக் சிஸ்டம்னு கண்ண பறிக்கும், அத எல்லாம் தாண்டி உள்ள போனா சைலன்ட்டா ஸ்பேர்ஸ் மட்டும் விக்கற கடைங்க இருக்கு. பார்ட் நம்பர் சொன்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்து வெப்பாங்க, பேரம் கிடையாது, பில்லு உண்டு. ஆனா இங்கயும் கண்ண தொறந்து வெச்சிருக்கணும். ஒரு கடைல சிபி பாயிண்ட், அதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற அந்த பாயிண்ட், கேட்டேன், ஒரிஜினல்னு ஒரு டப்பா குடுத்தாங்க. பிரிச்சு பாத்தா ரெண்டு பாயிண்ட்டும் நேருக்கு நேர் உக்காரவே இல்ல, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, அரைக்கால்வாசி தான் தொடுது. அப்படி மாட்டுனா ஒரு ஓரத்துல மட்டும் கருகி கொஞ்ச நாள்ல கேப்பு மாறிடும். காட்டுனதும் மறுபேச்சு இல்லாம உள்ள போயி வேற டப்பா எடுத்துட்டு வந்தாரு, விலை ரெண்டு மடங்கு, அப்போ மொத சொன்ன ஒரிஜினல் என்னதுன்னு நான் கேக்கல. கடை பேர் எதுக்கு, எந்த கடைல வாங்குனாலும் டப்பாவ அங்கயே பிரிச்சு பாருங்க, அவ்ளோதான்.

கண்டென்சர், காயில், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பு, இந்த இக்னிஷன் சாமானெல்லாம் புதுப்பேட்டைல சல்லிசா கிடைக்கும், கைல பிடிச்சு பாத்தா நல்லா தான் இருக்கும், சூடானா தான் சுயரூபம் தெரியும், அதுவும் மதுரவாயல் பைபாஸ் நடுவுல தெரியும்.

இரும்புன்னு சொன்னேன்ல, அதுலயும் பிரேக்கு விதிவிலக்கு. டிரம்மு, டிஸ்கு, மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எதுவும் பழசு வேணாம். டிரம்ம ஏற்கனவே லேத்துல எத்தன தடவ கடைஞ்சாங்கன்னு யாருக்கு தெரியும், சிலிண்டருக்குள்ள சின்ன கோடு விழுந்திருந்தாலும் புது வாஷர் போட்டும் ஆயில் கசியும். எஞ்சின் சுத்தறத பின் வீலுக்கு கொண்டு போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டு வாங்கலாம், நான் வாங்குனேன். ரெண்டு கையிலயும் பிடிச்சு கிராஸ் (ஷாஃப்ட்டோட மூட்டு) பக்கம் எதிர் எதிரா திருகி பாருங்க, டிக்குனு சத்தம் வந்தா கிராஸ் போச்சு, அது மாத்திக்கலாம். டியூப் மேல சின்ன சின்னதா தகடு வெல்டு பண்ணியிருப்பாங்க, பேலன்ஸுக்கு, அது இருந்து விழுந்த தடம் தெரிஞ்சா அந்த ஷாஃப்ட்ட எடுக்காதீங்க, 60ல போனா வண்டியே உதறும். பின் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) அங்க தாராளமா எடுக்கலாம், ஓரத்துல நுண்ணியமா விரிசல் இருக்கான்னு மட்டும் தொடச்சு பாத்து எடுங்க, புஷ் வழக்கம் போல புதுசு.

எஞ்சின் பிளாக்கு, சேசிஸ் நம்பர் அடிச்ச எந்த பீஸும் காகிதம் இல்லாம தொடாதீங்க. "சீப்பா முடிச்சிடலாம்"னு சொல்லுவாங்க, எஞ்சின் மாத்துனா ஆர்டிஓல காட்டி ஆர்சில ஏத்தணும், அது எந்த வண்டில இருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, அப்போ அந்த கடைக்காரர் வந்து நிக்க மாட்டாரு. மத்த சாமானுக்கும் ஒரு துண்டு சீட்டுலயாச்சும் கடை சீல் வெச்சு எழுதி வாங்கிக்கோங்க, கேட்டா தருவாங்க.

வெள்ளிக்கிழமை மதியம் போகாதீங்க, தொழுகை நேரத்துல பாதி கடை மூடியிருக்கும். வண்டிய எடுத்துட்டு போறதும் வேஸ்ட்டு, சந்துல நிறுத்த இடமே இல்ல. அங்க நிறுத்திட்டு திரும்பினா வீல் இருக்காதுன்னு ஊரே ஜோக்கடிக்கும், எனக்கு அப்படி ஒண்ணும் ஆகல, ஆனா ஆம்னில போயி எறங்குனா "ணா குடுக்கறீங்களா, நல்ல விலை தரேன்"னு நாலு பேர் சூழ்ந்துக்குவாங்க. அந்த தொல்லைக்கே எழும்பூர் வரைக்கும் மெட்ரோல வந்து நடந்துடுறது.

இவ்ளோ அலைஞ்சும் இன்னும் கிடைக்காத ஒரு ஐட்டம் பின் சைடு ஸ்லைடிங் கண்ணாடிக்கு ஓடுற அந்த மெல்லிசு பீடிங் (ஓரப் பட்டை). புதுப்பேட்டைல கண்ணாடியோட சேத்து பழசு குடுக்கறாங்க, தொட்டா உதிருது. ஜிபி ரோட்டுல லோக்கல் ஒண்ணு காட்டுனாங்க, தடிமன் ஜாஸ்தி, கண்ணாடி நகரவே மாட்டேங்குது. கோயம்புத்தூர், மதுரை பக்கம் யாராச்சும் நல்லதா வாங்கி மாட்டியிருந்தா எந்த ஏரியான்னு சொல்லுங்க, மழைக்கு முன்னாடி முடிக்கணும்.