ரப்பரைக் கப்பலில் கொண்டுவருவதா, வீட்டிலேயே காய்ச்சுவதா? ஜப்பானாக ஆடிப் பார்த்த கணக்கு

இரண்டாம் உலகப் போரை வைத்து ஆடும் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4 என்ற கணினி விளையாட்டில் ஜப்பானை எடுத்து ஆடுகிறவர்களுக்கு 1941 வாக்கில் வரும் தலைவலி ஒன்றுதான்: ரப்பர். விமானத்துக்கு வேண்டும், டிரக்குக்கு வேண்டும். சொந்த மண்ணில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் மலாயாவையும் பிடித்துக் கப்பலில் கொண்டுவரலாம். இல்லாவிட்டால் உள்ளூரிலேயே செயற்கை ரப்பர் செய்யும் ரிஃபைனரி கட்டலாம். இரண்டையும் செய்து பார்த்தேன். முதல் வழியில் ஒரு முழு ஆட்டத்தையே தோற்றேன். அதற்குப் பிறகுதான் வழியில் போகும் சரக்கு எப்படித் தொலைகிறது என்று உட்கார்ந்து சோதித்தேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். படைக்குப் போகும் சப்ளை வேறு, ஃபேக்டரிக்கு வரும் கச்சாப் பொருள் வேறு. ரயில், டிரக், சப்ளை ஹப் எல்லாம் முதலாவதன் கதை. தலைநகரோடு தரைவழியாக ஒட்டியிருக்கும் இடத்துக் கச்சாப் பொருளுக்குக் கப்பல் தேவையில்லை. கடல் குறுக்கே வந்தால்தான் கன்வாய், அதாவது சரக்குக் கப்பல், கேட்கும். ஆனால் கன்வாய்க் கையிருப்பு ஒன்றுதான். தீவில் கிடக்கும் படைக்குச் சோறு போடுவதும் அதிலிருந்துதான், ரப்பர் வருவதும் அதிலிருந்துதான், புதுக் கரையில் படையை இறக்குவதும் அதிலிருந்துதான்.

போர் தொடங்கும் வரை கேள்வியே இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சிவில் ஃபேக்டரியை (கட்டுமானத்துக்கும் இறக்குமதிக்கும் பயன்படுவது) விட்டுக்கொடுத்தால் 8 அலகு ரப்பர் வருகிறது. அந்த விலைக்கு எந்த ரிஃபைனரியும் ஈடாகாது. விற்கிற நாட்டோடு சண்டை வந்த அன்று அந்தக் கதவு மூடும். ஒப்பீடு அதற்கப்புறம்தான்.

கடல் வழியின் கவர்ச்சி, நிலத்தைப் பிடித்தாலே சரக்கு நம்முடையது என்பது. ரப்பரோடு எண்ணெயும் சேர்ந்து வரும். எதிர்ப்பு இருக்கும் வரை பிடித்த இடம் முழு அளவு தராது, அது போகட்டும். என் தோற்ற ஆட்டத்தில் 1942 நடுவில் ரப்பர் கணக்கு பச்சையில் இருந்தது. இனி கவலையில்லை என்று நினைத்து விமான உற்பத்தி வரிசைகளை விரித்தேன். சில மாதத்தில் கணக்கு சிவப்பாகிவிட்டது. ஃபேக்டரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, விமானம் வெளியே வரவில்லை.

சோதனைக்கு அயர்ன்மேன் (பின்னோக்கிப் போக விடாத முறை) இல்லாத சேவ், அதாவது சேமித்த ஆட்டம், ஒன்று வைத்துக்கொண்டேன். கன்சோலில் (கட்டளை எழுதும் பெட்டியில்) டேக் கட்டளை கொடுத்து அமெரிக்காவாக மாறி, நீர்மூழ்கிகளைத் தென்சீனக் கடலில் கன்வாய் வேட்டைக்கு விட்டேன். மறுபடி ஜப்பானாக மாறி ஆறு மாதம் ஓட்டினேன். காவல் இல்லாமல் ஒருமுறை, காவலோடு ஒருமுறை, ஆபத்தான கடல் பகுதியைத் தவிர்க்கும்படி குறித்து ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அதே சேவிலிருந்துதான் தொடங்கினேன்.

ஒரு கன்வாய் மூழ்கினால் இரண்டு இழப்பு. கப்பல் கையிருப்பிலிருந்து போய்விடுகிறது, இது கண்ணுக்குத் தெரிகிற இழப்பு. கூடவே அந்தக் கடல் வழியின் திறன் சதவீதம் இறங்குகிறது. வந்து சேரும் சரக்கும் அதோடு இறங்குகிறது. நீர்மூழ்கிகளை விரட்டிவிட்ட மறுநாளே அது நிமிர்ந்துவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். இது எனக்கு முன்பு தெரியாது. கையிருப்பில் நிறையக் கன்வாய் இருக்கிறதே, பிறகேன் ரப்பர் வரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் இருந்தது. வழிதான் காயப்பட்டிருந்தது.

எண்ணெய்க்கும் ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்பட்டது. எண்ணெய் எரிபொருளாகித் தொட்டியில் சேரும். இரண்டு மாதம் வழி அடைபட்டாலும் சேர்த்து வைத்ததை வைத்து ஓட்டலாம். ரப்பரை இந்த ஆட்டத்தில் சேர்த்து வைக்க முடியாது. இன்று வந்தது இன்றைக்கு மட்டும்தான், வராவிட்டால் இன்றைய உற்பத்தியே அடிவாங்கும். அதே நீர்மூழ்கி, அதே எண்ணிக்கைக் கப்பலை மூழ்கடித்தாலும் எண்ணெயில் அது சில்லறை நஷ்டம், ரப்பரில் அன்றாடச் சம்பளக்காரன் வேலைக்குப் போகாத நாள் மாதிரி.

சரி, காவல் போட்டால்? போட்டேன், இழப்பு குறைந்தது. ஜாவாவிலிருந்து டோக்கியோ வரை வழியில் கடல் பகுதிகள் பல, ஒவ்வொன்றிலும் டெஸ்ட்ராயர் (காவலுக்குப் போகும் சிறு போர்க்கப்பல்) நிற்க வேண்டும். ஒரு பிரிவுக்குப் பகுதிகளைக் கூட்டிக்கொண்டே போனால் காவல் சதவீதம் இளைத்துப்போகும். எங்கே இளைக்கிறதோ அங்கேதான் நீர்மூழ்கி நுழையும். தவிர்க்கும்படி குறித்த சோதனை இன்னும் வேடிக்கை. கப்பல்கள் சுற்றுவழியில் போயின, கூடுதல் கன்வாய் கேட்டன, கொஞ்ச நாளில் வேட்டையும் அந்தப் பக்கம் நகர்ந்தது. வேட்டையை நகர்த்தியது நானா கணினியா என்று கேட்டால், அந்த ஓட்டத்தில் கணினிதான். எல்லா ஆட்டத்திலும் அப்படித்தான் செய்யும் என்று ஒரே ஓட்டத்தை வைத்துச் சொல்லமாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது மூழ்கின கப்பல்களின் எண்ணிக்கை இல்லை, இந்தக் காவலின் பராமரிப்புச் செலவு. ரப்பரின் விலை என்று நாம் கணக்கில் எழுதுவது கன்வாய் மட்டும்தான். டெஸ்ட்ராயரை எழுதுவதில்லை. அந்த டெஸ்ட்ராயரைக் கட்டும் டாக்யார்டு, அது தின்னும் எஃகு, ரோந்தில் எரிக்கும் எண்ணெய், அடிபட்டால் பழுதுபார்க்கும் இடம், எதையும் எழுதுவதில்லை. கன்வாய்க்கு எரிபொருள் செலவில்லை, காவலுக்கு உண்டு. எண்ணெயைக் கொண்டுவரும் கப்பலைக் காக்க அதே எண்ணெயில் ஒரு பங்கைக் கொளுத்துகிறோம்.

அதைவிடப் பெரிய செலவு ஒன்று ஒளிந்திருக்கிறது. விமானந்தாங்கி, போர்க்கப்பல் போன்ற ஒவ்வொரு பெரிய கப்பலுக்கும் மூன்று சிறு கப்பல் திரையாக நின்றால்தான் முழுப் பாதுகாப்பு. காவலுக்கு அனுப்பிய ஒவ்வொரு டெஸ்ட்ராயரும் இந்தத் திரையிலிருந்து உருவியது. நான் உருவிக்கொண்டே போனேன். பிலிப்பைன்ஸ் பக்கம் அமெரிக்கக் கடற்படையோடு மோதியபோது திரை ஓட்டையாக இருந்தது, டார்பிடோக்கள் நேரே பெரிய கப்பல்களுக்குப் போயின. ஒரே சண்டையில் விமானந்தாங்கிகள் போயின, ஆட்டமும் போயிற்று. ரப்பருக்காகக் கொடுத்த உண்மையான விலை அதுதான். ரப்பர் கணக்குப் பக்கத்தில் அது எங்கேயும் தெரியாது.

நிஜப் போரிலும் ஜப்பான் இதே இடத்தில்தான் மாட்டியது. எண்ணெய்க்காக 1942 பிப்ரவரியில் பாராசூட் படை இறக்கிச் சுமத்ராவின் பாலெம்பாங்கைப் பிடித்தார்கள். ஆனால் கன்வாய்க் காவலுக்கென்று தனித் தலைமையகம் அமைந்தது 1943 நவம்பரில்தான். அமெரிக்க டார்பிடோக்களின் கோளாறுகள் பெரும்பாலும் தீர்ந்ததும் அதே ஆண்டின் பிற்பகுதியில். அப்புறம் நடந்தது தெரிந்ததே. மூழ்கிய வணிகக் கப்பல் எடையில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிக் கணக்கு.

கடலை நம்பாமல் தரைக்கு மாறுவது எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி உண்டு. மலாக்கா நீரிணையைச் சுற்றி ரங்கூனுக்குக் கப்பல் விடுவது ஆபத்து என்றுதான் சயாம்–பர்மா ரயில் பாதையைப் போட்டார்கள். 415 கிலோமீட்டர், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்தார்கள். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த தமிழர்களை ஆயிரக்கணக்கில் அங்கே கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் ஏராளம். ஆட்டத்தில் ரயில் பாதை என்பது மவுஸை இழுத்துவிடுவது. அந்தப் பாதையை வரைபடத்தில் போடும்போதெல்லாம் எனக்குக் கை ஒரு நொடி நிற்கும்.

இனி ரிஃபைனரி. விலையைப் பார்த்தால் முதலில் மலைப்பாகத்தான் இருக்கும். நான் ஆடும் பதிப்பில் ஒன்றுக்கு 14,500 கட்டுமானப் புள்ளி. ராணுவ ஃபேக்டரி 7,200, சிவில் ஃபேக்டரி 10,800. அதாவது ஒரு ரிஃபைனரி கட்டும் செலவில் இரண்டு ராணுவ ஃபேக்டரி எழுப்பலாம். ஒரு கட்டுமானத்துக்கு அதிகபட்சம் 15 சிவில் ஃபேக்டரி, ஒவ்வொன்றும் நாளுக்கு 5 புள்ளி. சலுகை எதுவும் இல்லாத கணக்கில் 193 நாள். ஃபேக்டரி நிற்கவேண்டிய இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். ஒரு மாநிலத்தில் மூன்றுக்கு மேல் கட்டவும் முடியாது. இதைப் படித்துவிட்டுப் பலரும் அந்தப் பக்கமே போவதில்லை. நானும் போகவில்லை.

கட்டி முடித்தபின் அது ஒன்றும் கேட்பதில்லை. கன்வாய் வேண்டாம், டெஸ்ட்ராயர் வேண்டாம், திரையிலிருந்து எதையும் உருவ வேண்டாம். ரப்பர் ஆராய்ச்சியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஏற்கெனவே கட்டிய எல்லா ரிஃபைனரியின் விளைச்சலும் சேர்ந்து கூடும். போனஸாக எரிபொருளும் சொட்டும். அதனால் முன்கூட்டியே கட்டுவதுதான் முறை. 1942-இல் ரப்பர் சிவப்பானதும் கட்டத் தொடங்கினால் அந்த 193 நாள் உங்களைக் கொன்றுவிடும். இரண்டாவது ஆட்டத்தில் 1938-இலேயே ஆராய்ச்சியைப் பிடித்தேன், 1939-இல் முதல் கட்டுமானம். அந்த ஓரிரண்டு வருடம் ராணுவ ஃபேக்டரி குறைந்து சீனாவில் திணறினேன், அதை மறைக்க மாட்டேன். 1943-இல் விமான வரிசைகள் நிற்காமல் ஓடின. டெஸ்ட்ராயர்கள் கடற்படையோடே இருந்தன. தென் கடலில் நீர்மூழ்கிகள் சுற்றின, எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தன, தொட்டி தாங்கிக்கொண்டது.

ஆகவே என் பங்கீடு இப்படி: ரப்பரை ரிஃபைனரியில், எண்ணெயைக் கடலில். விமானத்தை நம்பாமல் காலாட்படையையே நம்பி ஆடுகிறவர் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம், ஒன்றிரண்டு ரிஃபைனரி போதும். மனிதர்களோடு கூட்டாக ஆடும் ஆட்டம் நான் அதிகம் ஆடியதில்லை. அமெரிக்காவை ஓட்டுகிறவர் கெட்டிக்காரராக இருந்தால் எண்ணெய் வழியும் கழுத்தை நெரிக்கும் என்றே தோன்றுகிறது.

ரிஃபைனரிக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை, அது வானத்திலிருந்து வரும். செயற்கை எரிபொருளில் நிஜமாகவே வெற்றி கண்ட ஜெர்மனியை 1944 மே 12 அன்று அமெரிக்க விமானங்கள் லொய்னா முதலிய ஆலைகளில் அடிக்கத் தொடங்கின. அதற்குப் பிறகு அந்த உற்பத்தி பழைய அளவுக்குத் திரும்பவே இல்லை. ஆட்டத்திலும் குண்டுவீச்சு விமானம் எட்டும் தூரத்தில் தளம் கிடைத்துவிட்டால் அதே கதைதான். நான் கட்டிய ஒன்பதில் ஐந்து கியூஷுவிலும் அதன் அக்கம்பக்கத்திலும் அமைந்துவிட்டன. இப்போது ஓடும் சேவில், அப்படித் தளமாகக்கூடிய மரியானாத் தீவுகள் இன்னும் என் கையில் இருக்கின்றன. அவை போய்விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, இன்று ராத்திரி டேக் போட்டு அமெரிக்காவாக மாறப் போகிறேன்.