எம்டிஏடிஎம்: நம்பலாம், ஆனால் ரீஷேப் ஊர்ந்தால் காரணம் சொல்லாது

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் கோவை பம்ப்செட் பட்டறைகளுக்கும் டிசைன் ஃபைல், டேலி பேக்கப் வைக்க, பல டிஸ்க்குகளை ஒன்றாக (ரெய்டு) இணைக்கும் லினக்ஸ் மென்பொருளான எம்டிஏடிஎம் (mdadm) தாராளமாகப் போதும். ரெய்டு கார்டு செலவு மிச்சம். ஒரே குறை, மூன்று டிஸ்க் ரெய்டு 5-ஐ (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு) நான்காக்கும்போது டேட்டாவை மறுபடி பிரித்து அடுக்கும் வேலை, அதாவது ரீஷேப், ஏன் நகரவில்லை என்று அது சொல்லாது.

வேலையின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பில் வேகம் விநாடிக்கு 1000 கேபி பக்கம் நின்றால், சர்வரை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். குறைந்தபட்ச வேகத்துக்கான ஸ்பீட் லிமிட் மின் (speed_limit_min) செட்டிங் இயல்பாக 1000தான். வேறு வேலை வந்ததும் எம்டி (லினக்ஸ் கெர்னலின் ரெய்டு பகுதி) அதுவரை இறங்கி வழிவிடும். அந்த வேகத்தில் 4 டிபி டிஸ்க் முடிய 45 நாள் ஆகும்! சனி இரவு ஷிப்ட் முடிந்ததும் இந்தக் குறைந்தபட்சத்தை 50000 ஆக்குங்கள். டிஸ்க் ஈடுகொடுத்தால் 22 மணி நேரம். உச்ச வேக அளவை (speed_limit_max) ஏற்றுவது வீண். அது ஏற்கனவே 200000. அதே டிஸ்க்கில் படித்து அதிலேயே திருப்பி எழுதுவதால் ரீஷேப் அதை எட்டுவதே அபூர்வம்.

அடுத்து ஸ்ட்ரைப் கேஷ் சைஸ் (stripe_cache_size), அதாவது ரெய்டு வேலைக்கு ரேமில் ஒதுக்கும் இடம். இயல்பு 256, 8192 வைத்துப் பார்க்கலாம். 4 கேபி × டிஸ்க் எண்ணிக்கை × இந்த எண், அவ்வளவு ரேம் போகும். நாலு டிஸ்க்குக்கு 128 எம்பி.

இதற்கும் அசையாவிட்டால் செட்டிங்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கின் வேலைப்பளுவையும் காட்டும் ஐஓஸ்டாட் (iostat) பாருங்கள். ஒரு டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் திணறி மற்றவை சும்மா இருந்தால், அந்த ஒன்றுதான் எல்லாவற்றையும் இழுக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையில் பென்டிங் செக்டர் (படிக்க முடியாத பகுதி) இருந்தால் டிஸ்க் போகிறது. சிஆர்சி எர்ரர் (டேட்டா கடத்தும்போது வரும் பிழை) ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். இரண்டும் இல்லையென்றால் அது எஸ்எம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும்) டிஸ்க்கா என்று பாருங்கள். 2 முதல் 6 டிபி வரையிலான டபிள்யூடி ரெட் சில மாடல்கள் அந்த வகை என்பதை 2020-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. தொடர்ந்து எழுதும் வேலைக்கு எஸ்எம்ஆர் ஆகாது. கடையில் மாடல் எண்ணைப் பார்த்து, சிஎம்ஆர் (தடங்கள் படியாத வழக்கமான வகை) என்று உறுதிசெய்தே வாங்குங்கள்.

வேகம் 0-விலேயே நின்றால் கதை வேறு. வேலை எதுவரை போகலாம் என்று குறிக்கும் சிங்க் மேக்ஸ் (sync_max) கோப்பில் max என்பதற்குப் பதில் ஒரு எண் இருந்தால், பின்னணியில் ஓடும் எம்டிஏடிஎம் செத்திருக்கலாம். ரீஷேப் தொடங்கும்போது கொடுத்த அதே பேக்கப் ஃபைலைக் கொடுத்து க்ரோ கன்டின்யூ (mdadm --grow --continue) ஓட்டுங்கள். அந்தக் கோப்பில் max என்று கையால் எழுதித் தள்ளிவிடுவது பேக்கப் பாதுகாப்பைத் தாண்டிவிடும். அந்த பேக்கப் ஃபைல் அரேக்கு (இணைத்த டிஸ்க் தொகுப்புக்கு) வெளியே வேறு டிஸ்க்கில் இருந்தாக வேண்டும்.

கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைத் தேதியைப் பார்த்துவிட்டு, நல்ல யூபிஎஸ்ஸோடு ஆரம்பியுங்கள்.