4.10-லிருந்து 4.88-க்கு: போடிமெட்டு ஏறும் பிக்கப்பில் மூன்று வருடம்

ஊர் போடிநாயக்கனூர். ஏலத்தோட்டம் கேரளாவில், பூப்பாறைக்கு அந்தப் பக்கம். வாரத்தில் நான்கு நாளாவது அடிவாரத்து முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு வழியாகப் போய் வருகிற வண்டி இது. டபுள் கேபின், நாலு சக்கர டிரைவ், டீசல். போகும்போது உரமும் வேப்பம்புண்ணாக்கும் இருக்கும், கூடவே ஆட்களும் வருவார்கள். திரும்பும்போது காய் மூடை. பெரிய டயர் போட்டு மூன்று வருடமும், ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றி இரண்டு வருடமும் ஆகிவிட்டன. தலைப்பில் இருக்கும் எண்கள் அந்த ஜோடியின் பல் விகிதம், அதாவது ரேஷியோ. கிரவுன் மாற்றிய பிறகு மட்டும் 41,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

டயர் மாற்றியது அழகுக்காக இல்லை. தார் ரோட்டிலிருந்து ஸ்டோருக்குப் போகும் மண்பாதையில், மழைக்காலத்தில் நடுவில் கல்லும் மண்ணும் மேடாக நின்றுவிடும். சுமையோடு போனால் பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் அதில் இடிக்கும். ஸ்பிரிங் பட்டையை எவ்வளவு தூக்கிக் கட்டினாலும் பாடிதான் உயரும், ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த டயர் ஒன்றால்தான் முடியும். வண்டியோடு வந்தது 235/70 ஆர்16, உயரம் 735 மி.மீ. நான் போட்டது 265/75 ஆர்16, உயரம் 804 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது 34 மி.மீ., ஹவுசிங்குக்குக் கீழே கிடைத்தது. அதற்குப் பிறகு இடிக்கவே இல்லை.

இதே வண்டியின் டாப் மாடலுக்குக் கம்பெனியே போட்டுத் தரும் அளவு அது. அதைத் தாண்டிப் போக எனக்குத் துணிவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இரண்டு மாநிலச் சோதனைச் சாவடியையும் அடிக்கடி தாண்டுகிற நாம் இதில் கவனமாக இருந்தே ஆக வேண்டும்.

ஹவுசிங் பிரச்சினை தீர்ந்தது, ஆனால் வண்டி சோம்பிவிட்டது. முன்பு இரண்டாவது கியரில் சாதாரணமாக ஏறிய வளைவுகளில் முதல் கியர் கேட்டது. வளைவு முடிந்து நிமிரும்போது அரை கிளட்ச்சில் பிடித்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. எட்டு மாதத்தில் கிளட்ச் பிளேட் போய்விட்டது. அதைவிட என்னைப் பயமுறுத்தியது இறக்கம். சுமையோடு இரண்டாவது கியரில் இறங்கும்போது இன்ஜின் முன்பு போல் வண்டியைப் பிடிக்கவில்லை. பிரேக்கை அடிக்கடி மிதித்து, முந்தலுக்கு வந்து சேரும்போது கருகிய வாடை வந்தது. மலை ரோட்டில் அந்த வாடை வந்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்கு எளிதானது. டயர் 9 சதவீதம் உயர்ந்தால், சக்கரம் ரோட்டைத் தள்ளும் விசை எட்டரை சதவீதம் குறைகிறது. இன்ஜின் பிரேக்கும் அதே அளவு குறையும். இழந்ததைத் திரும்பப் பெற வேண்டிய இடம் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன்தான். என் வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல். 41-ஐ 10-ஆல் வகுத்தால் 4.10. பழைய ரேஷியோவைப் புது டயரின் உயரத்தால் பெருக்கிப் பழைய டயரின் உயரத்தால் வகுத்தால் 4.48 வருகிறது. 4.48 போட்டால் வண்டி பழைய மாதிரி ஆகிவிடும்.

ஒரு சந்தேகம் இருந்தது. சுமை ஏறினால் டயர் அமுங்குமே, காகிதத்தில் இருக்கும் உயரம் சரிவருமா? டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, களத்தில் வண்டியைப் பத்துச் சுற்று உருட்டி டேப் பிடித்துப் பார்த்தேன். பழைய டயர் 22.5 மீட்டர், புதியது 24.6 மீட்டர். இரண்டுமே காகிதக் கணக்கைவிடக் குறைவு, ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் அதே 9 சதவீதம். அதனால் ரேஷியோ கணக்குக்குக் காகித அளவே போதும்.

4.48 என்று கடையில் எதுவும் கிடைக்காது. என் ஆக்சிலுக்குப் பொருந்தியவை இரண்டு. டாப் மாடலில் வரும் 41/9, அதாவது 4.55. சுமை வண்டியில் வரும் 39/8, அதாவது 4.88. யாரைக் கேட்டாலும் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிற 4.55-ஐத்தான் சொன்னார்கள். தேனியில் ஆக்சில் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு அண்ணன்தான் வேறு மாதிரி கேட்டார்: "தம்பி, பழைய டயர்ல, ஃபுல் லோடுல, மேட்டுக்கு ஏறுறப்ப உங்களுக்குத் திருப்தியா இருந்துச்சா?" இல்லை என்றேன். "அப்புறம் ஏன் அதே இடத்துக்குத் திரும்பப் போறீங்க?"

அந்தக் கேள்விதான் என் முடிவை மாற்றியது. 4.10 என்பது சமவெளிக்கும் மலைக்கும் பொதுவாகக் கம்பெனி எடுத்த ஒரு நடுநிலை. என் வண்டியின் பிழைப்போ மலையில். 4.88 போட்டால் பெரிய டயரோடும் பழைய நிலையைவிட 9 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். விலை என்ன? 80 கி.மீ. வேகத்தில் ஐந்தாவது கியரில் இன்ஜின் சுற்று முதலில் சுமார் 1,950, பெரிய டயரில் 1,780, 4.88-இல் 2,120. மதுரை ரோட்டில் 100-க்கு மேல் போகிறவருக்கு இது இரைச்சல். எனக்கு அந்தப் பழக்கமில்லை.

பின் ஆக்சிலை மட்டும் இப்போது மாற்றி, முன்னது பிறகு பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். முன்னும் பின்னும் ரேஷியோ வேறுபட்டால் நாலு சக்கர டிரைவைப் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிடிமானமுள்ள ரோட்டில், விசையை இரண்டு ஆக்சிலுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸோ ஆக்சிலோ உடையும். இரண்டையும் ஒன்றாகவே மாற்றினேன். பேரிங், சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் ஆனது.

அந்த அண்ணனிடம் அப்போது வேலை நிறைந்திருந்ததால் அவசரப்பட்டு வேறொரு பட்டறையில் கொடுத்தேன். என் தவறு அதுதான். 1,200 கி.மீ. ஓடியதும், 55-60 வேகத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் ஒரு ஊளைச் சத்தம். அண்ணனிடமே திறந்து காட்டினேன். பல்லில் மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், தடம் பல்லின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்திருந்தது. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதைச் சிம் என்கிற மெல்லிய தகடு வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். பழைய சிம்மையே அப்படியே போட்டு மூடியிருக்கிறார்கள். நுண்ணிய அளவு காட்டும் டயல் கேஜ் வைத்து, பற்களுக்கு நடுவில் விடும் இடைவெளியான பேக்லாஷை 0.15-க்கும் 0.20 மி.மீ.-க்கும் நடுவில் கொண்டுவந்து, தடம் நடுவில் விழும்வரை மூன்று முறை கழற்றி மாட்டினார். பாதி நாள் ஆனது. சத்தம் போய்விட்டது, இன்றுவரை வரவில்லை. டயல் கேஜ் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், மூடும் முன் பல் தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு 800 கி.மீ. சுமையில்லாமல் ஓட்டி, கியர் ஆயிலை மாற்றினேன். வடித்த ஆயில் வெள்ளிப் பொடி கலந்ததுபோல் மினுங்கியது. புதுப் பல் ஒன்றோடொன்று படிவதால் வருவது அது.

மைலேஜ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள், நானும் கொஞ்ச நாள் ஏமாந்தேன். என் வண்டியில் கிலோமீட்டர் கணக்கு கியர்பாக்ஸ் பக்கமிருந்து போகிறது. பழைய டயரில் லிட்டருக்கு 12.4. பெரிய டயர் போட்டதும் 10.2 என்று வர, மனசு உடைந்துவிட்டது. ஆனால் டயர் பெரிதானதால் மீட்டர் 100 காட்டும்போது வண்டி 109 ஓடியிருக்கிறது. உண்மையான மைலேஜ் 11.1. கிரவுன் மாற்றிய பிறகு மீட்டர் கணக்கு 12.3 வந்தது. "ரேஷியோ மாத்தினேன், மைலேஜ் ரெண்டு கூடிருச்சு" என்று சொல்கிறவர்கள் இதைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். இப்போது மீட்டர் 9 சதவீதம் அதிகம் காட்டுகிறது. திருத்திப் பார்த்தால் 11.3. அதாவது பெரிய டயரின் எடையும் காற்றுத் தடையும் தின்ற டீசல் தின்றதுதான். ரேஷியோ அதில் சொற்பம்தான் மீட்டுத் தந்தது. ஸ்பீடோமீட்டரும் அப்படியே. முள் 65-இல் நிற்கும்போது உண்மை வேகம் 60.

ஆனால் மலையில் கிடைத்தது வேறு கணக்கு. வளைவுகளை மறுபடி இரண்டாவது கியரில் ஏறுகிறேன். இரண்டு வருடமாக அதே கிளட்ச் பிளேட். சுமையோடு இறங்கும்போது வண்டி இன்ஜினிலேயே நிற்கிறது, முந்தலில் வாடை இல்லை. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: சக்கர பிரேக்குக்கு ரேஷியோ எந்த உதவியும் செய்யாது. பெரிய டயர் பிரேக்கின் பிடியைக் குறைக்கத்தான் செய்யும். பேடை முன்பைவிடச் சீக்கிரம் பார்க்கிறேன்.

அந்த ஊளைச் சத்தம் தீர்ந்த பிறகு வந்த கோளாறு ஒன்றுதான், 30,000-இல் பின் பினியன் சீல் கசிந்தது. பினியனில் எட்டே பல் என்பதால், சேற்றில் சிக்கினால் ஆக்சிலேட்டரை உறுமவிட்டு கிளட்ச்சைப் பட்டென்று விடுவதில்லை.

போன மாதம் கம்பத்திலிருந்து மச்சான் வந்திருந்தார். குமுளி வழியாகக் கோட்டயத்துக்குத் திராட்சை ஏற்றுகிறவர். என் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, தானும் பெரிய டயரும் 4.88-ம் போடலாமா என்று கேட்டார். "உங்க பாதையில ஹவுசிங் எங்கயாச்சும் இடிக்குதா மச்சான்?" என்றேன். இடிப்பதில்லையாம், முழுக்கத் தார் ரோடுதான். அப்படியானால் டயரை மாற்றவே வேண்டாம், அந்தக் காசில் பிரேக் வேலையை முழுதாகப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.