டிஸ்சார்ஜை மாற்றித் தருகிறோம் என்று சொல்லி 4,650 டாலரை வாங்கிக்கொண்டார்கள்

என் தம்பி ராணுவத்தை விட்டு எந்தத் தரத்தில் வெளியே வந்தான் என்கிற பதிவை, அதாவது அவன் டிஸ்சார்ஜை, மாற்ற முடியாது என்று கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. நான்கு நாளாகியும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மனசு கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் நிதானமாக எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்களை ஏமாற்றிய மாதிரி ஓர் இடத்துக்கு இன்றைக்கு ராத்திரியே யாராவது பணம் அனுப்பிவிடலாம். அதனால் இப்போதே எழுதுகிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் மன்னியுங்கள்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் தம்பி அமெரிக்க ராணுவத்தில் இருந்தவன். 2007-ல் கோவில்பட்டியிலிருந்து எம்.எஸ். படிக்க வந்தான். 2009-ல் 'மாவ்னி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவில் இருந்தவர்கள்கூட, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் அப்போது சேர முடிந்தது. சேர்ந்ததும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் முடிந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அம்மா போனில் அழுதாள். அவன் கேட்கவில்லை, சேர்ந்துவிட்டான். பயிற்சி முடிந்த கையோடு குடியுரிமையும் வந்தது. 2011-ல் ஆப்கானிஸ்தானில் காந்தஹார் போனான்.

2012-ல் திரும்பி வந்தவன் வேறு ஆள். அதை முழுதாகச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. 2013-ல் ஒரு நாள் முகாமில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். 38 நாள் பேஸ்மென்டிலேயே இருந்தான். சோபாவைத் திருப்பிக் கதவைப் பார்க்கிற மாதிரி போட்டுக்கொண்டான். சாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாய்க்கும் கதவை ஒரு தடவை பார்ப்பான். பிறகு தானாகவே போய் ஆஜரானான். கோர்ட் மார்ஷல் என்கிற ராணுவ நீதிமன்ற விசாரணையைச் சந்திக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பதிலாக டிஸ்சார்ஜ் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 27 வயதுப் பையன், தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டான்.

ராணுவத்தை விட்டு வெளியே வருகிற எல்லோருக்கும், எந்தத் தரத்தில், ஏன் வெளியே வந்தார்கள் என்று எழுதி டிடி-214 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அவன் தாளில் 24-ஆம் கட்டத்தில் 'அண்டர் அதர் தேன் ஹானரபிள் கண்டிஷன்ஸ்' என்று இருக்கிறது, அதாவது நல்ல பெயரோடு வெளியே வரவில்லை என்று. 28-ஆம் கட்டத்தில் 'கோர்ட் மார்ஷல் விசாரணைக்குப் பதிலாக' என்று காரணம். ஜிஐ பில் படிப்பு உதவி போயிற்று. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது டிடி-214 கேட்டால் அந்த இன்டர்வியூவுக்கே போக மாட்டான். ராத்திரி ஷிப்டில் கிடங்கில் பெட்டி தூக்குகிறான்.

வெளியே அனுப்பும்போது கூட இருந்த ஒருவன் 'ஆறு மாதம் பொறு, தானாகவே நல்ல டிஸ்சார்ஜாக மாறிவிடும்' என்று சொல்லியிருக்கிறான். இது சுத்தப் பொய். எதுவும் தானாக மாறாது, நாம்தான் கேட்க வேண்டும். அது தெரியவே எங்களுக்கு வருஷங்கள் ஆயின.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் மார்ச்சில், முன்னாள் ராணுவத்தினருக்கு டிஸ்சார்ஜை மாற்றித் தரும் ஓர் ஆன்லைன் சேவையின் விளம்பரம் என் போனில் வந்தது. பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கொடி, கழுகு, சீருடையில் சிரிக்கிற குடும்பம் எல்லாம் இருந்தது. 'முன்னாள் வீரர்கள் நடத்துவது' என்றும், '90 நாளில் முடிவு' என்றும் போட்டிருந்தது. நான்தான் போன் செய்தேன், தம்பி இல்லை. அவன், "வேண்டாம்க்கா, விட்ரு, இவ்ளோ நாள் ஓடிருச்சு" என்றுதான் சொன்னான்.

எடுத்த ஆள் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. தம்பி எங்கே இருந்தான், எந்த வருஷம், இப்போது தூங்குகிறானா என்று கேட்டான். நாற்பது நிமிஷம் குறுக்கே பேசாமல் கேட்டான். இத்தனை வருஷத்தில் என் தம்பி தூங்குகிறானா என்று வெளியாள் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அழுதுவிட்டேன். "மேடம், உங்கள் தம்பி என் தம்பி மாதிரி. நானும் அங்கே இருந்தவன்" என்றான். அங்கேதான் நான் விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் குடியுரிமைப் பேச்சை எடுத்தான். ராணுவச் சேவையால் குடியுரிமை வாங்கியவர் ஐந்து வருஷம் நல்ல பெயரோடு முடிக்காமல் இப்படி ஒரு டிஸ்சார்ஜில் வெளியே வந்தால், குடியுரிமையைத் திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அது உண்மைதான். ஆனால் அவன் சொன்ன விதம், நாளைக்கே வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்கிற மாதிரி இருந்தது. குடியுரிமை தானாகப் போய்விடாது, அரசு கோர்ட்டுக்குப் போய் வழக்கு நடத்த வேண்டும் என்பதை எனக்கு வேறு ஒருவர் சொன்னது போன வெள்ளிக்கிழமை. பணமெல்லாம் போன பிறகு.

முதலில் 1,500 டாலர், கேஸ் திறக்க. இரண்டு வாரம் கழித்து 2,400 டாலர், 'விரைவு வரிசையில்' போட. அடுத்த மாதம் 750 டாலர், டிஸ்சார்ஜை மறுபரிசீலனை செய்கிற ராணுவ போர்டுக்குக் கட்டவேண்டிய விண்ணப்பக் கட்டணம் என்று. மொத்தம் 4,650 டாலர். மூன்று தடவையும் ஜெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்புகிற வழி) அனுப்பச் சொன்னான். கார்டில் போட்டால் மூன்று சதவீதம் கூட ஆகும், உங்கள் பணத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்றான். எனக்காகப் பார்த்துப் பேசுகிறான் என்று நினைத்தேன்.

போர்டுக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது, ஒரு சென்ட்கூட. விரைவு வரிசையைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது. டிஸ்சார்ஜை மாற்றக் கேட்கிற டிடி-293 என்கிற படிவத்தை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், நாமே நிரப்பி அனுப்பலாம். 750 டாலரை என்ன தைரியத்தில் அவன் கேட்டான் என்று நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஆதாரம் திரட்டியது முழுக்க நான்தான். தம்பியின் அன்றைய ஸ்குவாட் லீடரை, அவன் இருந்த சிறு குழுவின் தலைவரை, தேடிக் கண்டுபிடித்தேன். அவர் கையாலேயே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார்: காந்தஹாரில் எந்த இரவு என்ன நடந்தது, அதன் பிறகு இவன் எப்படி ஆனான், மேலே இருந்தவர்களிடம் தான் எத்தனை தடவை சொன்னார் என்று. மனநல மருத்துவர் பிடிஎஸ்டி (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனப் பாதிப்பு) என்று எழுதிக் கொடுத்த அறிக்கை, அந்த 38 நாள் பற்றி நான் எழுதிய கடிதம், அவன் வேலை பார்க்கும் இடத்து மேலாளரின் கடிதம், எல்லாம் சேர்த்து 37 பக்கம். லைப்ரரியில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றினேன். ஸ்குவாட் லீடர் பென்சிலில் எழுதியிருந்தார். வெளிச்சம் போதாமல் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் நாலு தடவை எடுத்தேன்.

ஜூனில் 'அனுப்பிவிட்டோம்' என்று ஒரு ஈமெயில். அதோடு அந்த ஆளின் குரல் காணாமல் போனது.

அனுப்பியதன் நகலைக் கேட்டேன். "சிஸ்டத்தில் இருக்கிறது மேடம், பாருங்கள்" என்றார்கள். சிஸ்டத்தில் பச்சை வட்டத்துக்குள் 'பரிசீலனையில்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. மறுபடி கேட்டேன், உங்கள் கேஸ் மேனேஜர் மாறிவிட்டார் என்றார்கள். புது ஆளுக்கு முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தம்பியின் பெயரையே தப்பாகச் சொன்னார். 90 நாள் என்னாயிற்று என்று கேட்டேன். 90 நாள் என்பது அவர்கள் காகிதம் தயாரிக்கிற காலமாம், முடிவு வருகிற காலம் இல்லையாம். அக்டோபரில் மேலதிகாரி கூப்பிடுவார் என்றார்கள். கூப்பிடவில்லை. டிசம்பரில் என் நம்பரை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா போனிலிருந்து கூப்பிட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்து, "உங்கள் சேவைக்கு நன்றி" என்று ஆரம்பித்தார்கள். என் குரலைக் கேட்டதும் கட்.

வியாழக்கிழமை போர்டின் முடிவு வந்தது. மறுப்பு. 'டிஸ்சார்ஜ் முறைப்படியும் நியாயமாகவும் இருந்தது' என்று எழுதியிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை என்று சொல்வேன். அதில் விண்ணப்பதாரர் சமர்ப்பித்தவை என்று ஓர் இடம் வரும். அங்கே டிடி-293, டிடி-214, ஒரு சுய அறிக்கை, அவ்வளவுதான் இருந்தது. நான் ஏற்றிய 37 பக்கத்தில் ஒரு பக்கம்கூட இல்லை.

அந்தச் சுய அறிக்கையின் சுருக்கத்தைத் தம்பி வாய்விட்டுப் படித்தான். "விண்ணப்பதாரர் ஃபலூஜாவில் பணியாற்றியபோது..." என்று ஆரம்பித்தான், நிறுத்தினான். ஃபலூஜா ஈராக்கில் இருக்கிறது. இவன் ஈராக்குக்குப் போனதே இல்லை. இரண்டு வரி தள்ளி 'லான்ஸ் கார்ப்பரல்' என்று வந்தது. அது மரீன் படையின் பதவி, இவன் ஆர்மி. வேறு யாருக்கோ எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். அந்த யாரோவிடமும் எவ்வளவு வாங்கினார்களோ.

தம்பி கத்தவில்லை. "நான் பொய் சொன்னேன்னு நெனச்சிருப்பாங்கள்லக்கா" என்றான். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. 4,650 டாலரை விட அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

அன்றைக்கே அந்தச் சேவைக்கு ஈமெயில் போட்டேன், பணத்தைத் திருப்பிக் கேட்டு. வந்த பதிலில் ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் 'ஆவணம் தயாரிக்கும் சேவை' மட்டுமே, சட்ட உதவி அல்ல, பணம் திருப்பித் தரப்படாது. வங்கிக்குப் போனேன். நீங்களே விருப்பப்பட்டு அனுப்பியது, எங்களால் எடுக்க முடியாது என்றார்கள். கிரெடிட் கார்டாக இருந்திருந்தால் எதிர்த்துக் கேட்க வழி இருந்திருக்கும். அந்த மூன்று சதவீதப் பேச்சு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு சட்டக் கல்லூரியின் இலவச கிளினிக்கில் பேசினேன். முன்னாள் வீரர்களுக்காகவே நடத்துகிறார்கள், மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் வழக்கு எடுக்கிறார்கள். அங்கே ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். பிடிஎஸ்டி சம்பந்தப்பட்ட விண்ணப்பங்களைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 2014-லேயே பாதுகாப்புத் துறை உத்தரவு போட்டிருக்கிறது. 2017 ஆகஸ்டில் இன்னொன்று வந்தது, குர்டா மெமோ என்பார்கள். அதில் நான்கு கேள்விகள்: அந்தப் பாதிப்பு இருந்ததா, பணியில் இருந்தபோதே இருந்ததா, நடந்த தவறுக்கு அது விளக்கமாகிறதா, தவறை விடக் கனமானதா. விண்ணப்பம் இந்த நான்குக்கும் ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும். ஸ்குவாட் லீடரின் அந்த இரண்டு பக்கம் மட்டுமே இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கும் என்றாள். நான் நாலு தடவை ஸ்கேன் செய்த பக்கம்.

இன்னொன்றும் சொன்னாள். போர்டில் முதலில் காகிதத்தை மட்டும் பார்க்கச் சொல்லலாம். மறுத்தால் நேரில் பேச இன்னொரு வாய்ப்பு கேட்கலாம். ஆக இருந்தது இரண்டு வாய்ப்பு. அதில் ஒன்றை ஃபலூஜா கடிதத்தை வைத்து எரித்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. அதையும் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும், எங்களுக்கு 2028 அக்டோபர் வரை. அதற்கு மேல் போனால் டிடி-149 என்ற வேறு படிவம், வேறு போர்டு.

என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுவதாக இருந்தேன். இப்போது முடியவில்லை, மணி பன்னிரண்டாகிறது, நெஞ்சில் இருப்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்டுக்குக் கட்டணம் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். நிச்சயம் மாற்றித் தருகிறோம் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள், அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஜெல் வேண்டவே வேண்டாம். உங்கள் பெயரில் போகிற படிவத்தை, கூடப் போகிற ஒவ்வொரு பக்கத்தையும் அனுப்புவதற்கு முன்னால் உங்கள் கண்ணால் பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ராணுவப் பதிவேடுகள் வேண்டுமென்றால் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் எஸ்எஃப்-180 படிவம் போட்டு இலவசமாகக் கேட்கலாம், அதற்கும் காசு பிடுங்குகிறார்கள். சட்டக் கல்லூரி கிளினிக்குகள் இருக்கின்றன, கவுன்டியில் முன்னாள் வீரர்களுக்கு உதவுகிற வெட்டரன் சர்வீஸ் ஆபீசர் இருப்பார். முதலில் அங்கே போங்கள். தூக்கம் இல்லாமல் தவிக்கிறவர் வீட்டில் இருந்தால் 988 என்கிற நெருக்கடி உதவி எண்ணை அடித்து 1-ஐ அழுத்துங்கள், டிஸ்சார்ஜ் எப்படி இருந்தாலும் பேசுவார்கள்.

ஃபெடரல் டிரேட் கமிஷனில் புகார் போட்டுவிட்டேன். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு நாளைக்குப் போடுகிறேன். 4,650 டாலர் திரும்பி வருமா, தெரியாது. ஸ்குவாட் லீடருக்கும் போன் செய்ய வேண்டும், அவர் எழுதியதை யாரும் படிக்கவே இல்லை என்று சொல்ல. இரண்டு நாளாக நம்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன்.